நாயை விட்டுவிட்டு வரச் சொன்ன பஸ் சங்கத்தினருக்கு

இலங்கை மலையகத்தில் எங்கள் மலைப் பாதையில் ஓடும் தனியார் பஸ்களின் சங்கத் தலைவருக்கும் செயலாளருக்கும், பஸ் உரிமையாளர்களுக்கும், சாரதி, நடத்துனர்மாருக்கும்,

போன வாரம் நீங்கள் கூட்டம் வைத்து எடுத்த முடிவை உங்கள் செயலாளர் எனக்குப் போனில் சொன்னார். பஸ்ஸில் மிருகங்களை ஏற்ற மாட்டீர்கள், கண் தெரியாதவர்கள் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும், அவ்வளவுதான் முடிவு. எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். அதெல்லாம் தேவையில்லை அக்கா, வாயால் சொன்னால் போதும் என்றார். எனக்குப் போதாது. அதனால் எல்லோரும் வாசிக்கிற மாதிரி நானே எழுதுகிறேன். ஊர்ப் பெயர், பஸ்ஸின் பெயர், வழித்தட எண் எல்லாவற்றையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒரு கண்டக்டர் பையனின் வேலை போய் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த முடிவு மாறவேண்டும்.

என்ன நடந்தது என்று உங்கள் கூட்டத்தில் யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனி மாதம், விடாத மழை. அம்மாவின் கிளினிக் கொப்பியோடு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தெடுத்துக்கொண்டு பின்னேரம் இரண்டரை மணி பஸ்ஸில் ஏறினேன். எனக்குக் கண் தெரியாது. என் வழிகாட்டி நாய் ரூபி என் காலடியில் சீட்டுக்குக் கீழே சுருண்டு படுத்துவிட்டாள். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கேட்டார், கொடுத்தேன். மூன்று ஹோல்ட் (பஸ் நிறுத்தம்) தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ நாய், நாய் என்று சத்தம் போட்டார்கள். சாரதி பஸ்ஸை ஓரங்கட்டினார். "நங்கி (தங்கச்சி), இறங்குங்க. நாய பஸ்ல கொண்டுபோக ஏலாது, ஆக்கள் கத்துறாங்க." இது எந்த இடம் என்று கேட்டேன். பதில் வரவில்லை. என் பையை எடுத்துக் கீழே வைத்தார்கள். இறங்கினேன். பஸ் போய்விட்டது.

எப்படிப்பட்ட இடம் என்று தரையில் நின்ற பிறகுதான் புரிந்தது. ஒரு பக்கம் மண்மேடு, தண்ணீர் வடிகிற சத்தம். மறுபக்கத்தில் எந்தச் சத்தமும் இல்லை, காற்று மட்டும் கீழேயிருந்து மேலே வந்தது. பள்ளம். நடைபாதை கிடையாது, நம் ரோட்டில் எங்கேதான் இருக்கிறது. பின்னால் வந்த லொறி ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்ததில் மூடுபனி இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ரூபியின் ஹார்னஸைப் பிடித்துக்கொண்டு "ஃபார்வர்ட்" என்றேன். மண்மேட்டோரமாகவே கூட்டிப் போனாள். கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டாள். மறுபடி சொன்னேன், அசையவில்லை. மூன்றாவது தடவை கோபமாகவே சொன்னேன், ஏனென்றால் லொறிச் சத்தம் கிட்டத்தில் வந்துவிட்டது, எனக்குப் பயம். அவள் திரும்பி என் முழங்கால்களுக்குக் குறுக்கே உடம்பை வைத்து மறித்து நின்றாள். குனிந்து குடையால் முன்னால் தட்டிப் பார்த்தேன். அது ஒரு மதகு. கானுக்கு, அதாவது ரோட்டோர வடிகாலுக்கு, மேலே போட்டிருக்க வேண்டிய கொங்கிரீட் பலகை அங்கே இல்லை. குடை பிடி வரைக்கும் உள்ளே போனது, அடி தட்டவில்லை.

வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு ராத்திரி ரூபியின் கால் விரல் இடுக்குகளிலிருந்து ஏழு அட்டைகளைத் தடவித் தடவிப் பிடுங்கினேன்.

நீங்கள் மிருகம் என்று சொன்னது இவளைத்தான். அவளைப் பற்றித் தெரியாமலேயே கூட்டத்தில் கை தூக்கியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

முதலில் நான். இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான். லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தேன், அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா கான் வெட்டினார். சின்ன வயதிலேயே பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் தெரியாது. மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக் கீரையும் ஈரலும் கொடுத்துப் பார்த்தார்கள். விழித்திரை மெல்ல மெல்லச் செத்துப்போகிற பரம்பரை வியாதி அது என்று, கல்யாணமாகி டொரண்டோ போன பிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார். முப்பத்துமூன்று வயதில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் மிச்சம். நான்கு வருடம் வெள்ளைப் பிரம்போடு நடந்தேன். 2017 கடைசியில் ரூபி வந்தாள்.

அவள் 2016 இல் பிறந்த கறுப்பு லாப்ரடோர். இந்த வேலைக்கான குட்டிகளை ரோட்டிலோ கடையிலோ எடுப்பதில்லை. தாய், தகப்பன், அவற்றின் தாய் தகப்பன் என்று பார்த்து, சாதுவான குணம், நல்ல இடுப்பு மூட்டு, நல்ல கண் உள்ள வம்சத்திலிருந்துதான் எடுப்பார்கள். எட்டு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து ஒரு குடும்பத்திடம் கொடுப்பார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சம்பளம் இல்லை, சும்மா அன்பினால் வளர்ப்பவர்கள். ரூபியை வளர்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. அவர் எழுதிவைத்த நாட்குறிப்பை என் மகள் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள், நாலைந்து தடவை கேட்டுவிட்டேன். பத்தாவது வாரத்தில் முதல் பஸ் பயணம், வாந்தி எடுத்திருக்கிறாள். பதினோராவது வாரத்தில் மறுபடி பஸ், நடுங்கியிருக்கிறாள். பதின்மூன்றாவது வாரத்தில் பஸ்ஸிலேயே தூங்கிப்போயிருக்கிறாள். சந்தை, ரயில், லிப்ட், பள்ளிக்கூட மணி, வெடிச் சத்தம், அழுகிற குழந்தை, சக்கர நாற்காலி, எல்லாவற்றுக்கும் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார். கீழே விழுந்த சாப்பாட்டைத் தொடக்கூடாது, ஆட்கள் மேல் பாயக்கூடாது, குரைக்கக்கூடாது, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில்தான் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகவேண்டும். பஸ்ஸில் அசிங்கம் பண்ணிவிடும் என்று உங்கள் செயலாளர் சொன்னாரே, அந்தப் பாடத்தை இவள் நான்கு மாதக் குட்டியாக இருக்கும்போதே படித்து முடித்துவிட்டாள்.

பதினாலு மாதம் வளர்த்த பிள்ளையைப் பயிற்சி நிலையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த அம்மா காருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார். எல்லாக் குட்டிகளும் தேறுவதில்லை. அணிலைக் கண்டு ஓடினாலோ, இடி சத்தத்துக்குப் பயந்தாலோ அவ்வளவுதான், வீட்டு நாயாகப் போய்விடும். தேறியதற்குத்தான் முதுகில் ஹார்னஸ் கட்டி, மாதக்கணக்கில் நடத்திப் பழக்குவார்கள். அது விறைப்பான கைப்பிடி வைத்த வார்ப்பட்டை. நாய் படியில் நிற்பதையும், திரும்புவதையும், தயங்குவதையும் நான் அந்தக் கைப்பிடி வழியாகத்தான் படிக்கிறேன். நேரே போ, இடப்பக்கம், வலப்பக்கம், படியைக் காட்டு, கதவைக் காட்டு. அப்புறம் எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம், சொன்னதைச் செய்யாமல் இருப்பது. எஜமான் போ என்று சொன்னாலும், முன்னால் வாகனமோ பள்ளமோ இருந்தால் போகக்கூடாது. சொல்வதைக் கேள் என்று ஒரு வருடம் பழக்கியதற்குப் பிறகு, ஆபத்து என்றால் கேட்காதே என்றும் பழக்குகிறார்கள். அந்த மதகடியில் அவள் செய்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இங்கே நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் நாய் தானாகக் கூட்டிப்போகாது. வழி என் தலைக்குள் இருக்கிறது. எப்போது ரோட்டைக் கடப்பது என்று வாகனச் சத்தத்தைக் கேட்டு முடிவெடுப்பது நான். தடைகளைச் சுற்றிக் கூட்டிப்போவதும், நான் தப்பாக முடிவெடுத்தால் மறிப்பதும் அவள். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு நடை. ஹார்னஸ் போட்டிருக்கும்போது அவளைக் கூப்பிட்டுத் தடவினால், பிஸ்கட் நீட்டினால், என் கண்ணைப் பொத்துவது மாதிரி. கழற்றிய பிறகு விளையாடுங்கள், எங்கள் லயத்துப் பிள்ளைகள் பின்னேரத்தில் அப்படித்தான் விளையாடுகிறார்கள்.

இங்கே வந்தது அம்மாவுக்காக. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை. ரூபிக்கு விசர்நாய்த் தடுப்பூசி, ஊசி வேலை செய்கிறதா என்று பார்த்த இரத்தப் பரிசோதனை, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி, எல்லாம் முடித்து, இரண்டு விமானம் மாறி என் காலடியிலேயே வந்தாள். அந்தக் கடதாசிகள் எப்போதும் என் பைக்குள் இருக்கின்றன. உங்கள் ஆட்களில் ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை. நாயை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று முதல் நாள் சத்தம் போட்ட அம்மா, ஒரு கிழமையில் அவளுக்குக் கண்ணாத்தா என்று பெயர் வைத்துவிட்டார். எங்கள் தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர், கண்ணைக் காப்பாள் என்று நம்புகிற நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாள் அம்மனைக் கும்பிட்ட குடும்பம். அம்மாவின் வாயில் அது விளையாட்டுப் பெயர் கிடையாது.

பஸ்ஸில் நாயைக் கண்டால் சனம் பயப்படும் என்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். விசர்நாய் கடித்துச் செத்தவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். பிள்ளையோடு வருகிற ஒரு தாய் தள்ளி உட்கார்ந்தால் அது நியாயம். ஒரு நாள் முஸ்லிம் பெரியவர் ஒருவர் பக்கத்து சீட்டில் இருந்தார். "மகள், எனக்கு வுளு இருக்கு, நாயோட ஈரம் படக்கூடாது. நீங்க இருங்க, நான் அந்தப் பக்கம் போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வுளு என்பது தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவிச் சுத்தமாவது. போகும்போது என் பையையும் சரியாக எடுத்து மடியில் வைத்தார். இறங்கும்போது அந்தப் பக்கத்திலிருந்தே படி உயரம், பார்த்து என்று சொன்னார். இப்படித்தான் ஒரு பஸ்ஸுக்குள் இடம் பண்ணிக்கொள்ள முடியும். உங்கள் சங்கத்திலேயே காலை ஏழரை பஸ் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பதினோரு தடவை அவர் பஸ்ஸில் போயிருக்கிறேன். சாரதி சீட்டுக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டைக் காட்டுவார், என் ஹோல்ட் வந்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பதினோரு தடவையும் ஒரு பிரச்சினை வந்ததில்லை. கூட்டத்தில் அவரிடம் கேட்டீர்களா?

அதே பஸ்களில் நேர்ந்துவிட்ட சேவல் ஏறுகிறது, வாசலை மறித்துக்கொண்டு மரக்கறிச் சாக்கு ஏறுகிறது. ஏறட்டும், நம் சனத்துக்கு வேறு வாகனம் இல்லை. எனக்கும் இல்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்கு த்ரீவீலில் போய்வர ஒவ்வொரு கிளினிக் நாளும் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

துணைக்கு ஆள் கூட்டி வா என்கிறீர்களே, அந்த ஆள் யார்? என் தங்கச்சி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறாள். அவள் என்னோடு டவுனுக்கு வந்தால் அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்கில் போராடிய சனம் நாம், ஒரு பேர் போவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்களில் பாதிப்பேர் லயத்திலிருந்து போனவர்கள்தான். மேல் டிவிஷனில் ஒரு பெரியப்பா இருக்கிறார், சீனி வியாதியில் கண் போனவர். துணைக்கு வர ஆளில்லாததால் வாசற்படியில் உட்கார்ந்தே வருடங்கள் ஓடிவிட்டன. கடைசியாக எப்போது டவுனுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். தேர்தலுக்குக் கூட்டிப்போனாங்க புள்ள என்றார். எந்தத் தேர்தல் என்று அவருக்கு ஞாபகமில்லை. அவரிடம் நாய் கிடையாது. ஒரு வெள்ளைப் பிரம்பு கொடுத்தால் நாளைக்கே தனியாக வரப் பழகிவிடுவார், அவ்வளவு கெட்டிக்காரர். ஆனால் உங்கள் முடிவின் இரண்டாவது பாதி அவரையும் ஏற்றாது. இதை யோசித்தீர்களா என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கிற சட்டம், பொதுமக்கள் போகக்கூடிய கட்டடத்துக்கோ இடத்துக்கோ போக ஒருவருக்கு அவருடைய இயலாமையைக் காரணம் காட்டித் தடையோ நிபந்தனையோ போடக்கூடாது என்கிறது. துணை ஆள் கொண்டு வா என்பது நிபந்தனை. அதில் நாய் என்று எங்கே இருக்கிறது என்று செயலாளர் கேட்டார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அதன் 20 ஆவது உறுப்புரை, தனியாக நடமாடுவதற்கான கருவிகளோடு சேர்த்து உயிருள்ள உதவியும் கிடைக்கச் செய்யவேண்டும் என்கிறது. ஆங்கிலப் பிரதியில்தான் அப்படி மூடலாக இருக்கிறது. அதே அளவு அதிகாரமுள்ள பிரெஞ்சு, ஸ்பானியப் பிரதிகளில் மனித உதவி அல்லது விலங்கு உதவி என்று நேராகவே எழுதியிருக்கிறது. நான் இருந்த கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கென்றே பார்வையற்றோர் உரிமைச் சட்டம் இருக்கிறது, வழிகாட்டி நாயோடு வந்தவரை எந்தக் கதவிலும் மறிக்க முடியாது.

இது அங்கேயும் ஒரே நாளில் வந்ததில்லை. முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1916 இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் முதல் பள்ளி தொடங்கியது. 1928 இல் மோரிஸ் ஃபிராங்க் என்ற அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்தில் பயின்ற பட்டி என்ற நாயோடு ஊர் திரும்பினார். அவரையும் ரயிலில் நாயைச் சாமான் பெட்டியில் போடு என்றார்கள். அவர் கம்பனி கம்பனியாகப் போய்ப் பேசினார், நாய் காலடியில் படுத்திருப்பதைக் காட்டினார். 1935 அளவில் அமெரிக்க ரயில் கம்பனிகள் எல்லாம் விதியை மாற்றிக்கொண்டன. ரயில்காரர்களுக்கு அப்போது தெரியாது, பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். உங்களுக்கும் இதுவரை யாரும் காட்டவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரூபிக்கு இப்போது ஒன்பது வயது. இந்த வேலையில் இருக்கிற நாய்கள் எட்டு, பத்து வயதுக்குள் ஓய்வெடுத்துவிடும். டொரண்டோவின் குளிர்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்பு பாதத்தை எரிக்க, சப்பாத்து மாட்டிக்கொண்டு எட்டுக் குளிர்காலம் என்னைக் கூட்டிப்போனவள். இப்போது இங்கே விடிகாலைக் குளிரில் எழும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. உங்கள் பஸ் மிதிபலகை உயரம், முன்பு ஒரே தாவலில் ஏறுவாள், இப்போது முன்னங்காலை வைத்துவிட்டு ஒரு கணம் நிற்கிறாள், நான் பின்னால் தாங்கிக் கொடுக்கிறேன். அந்தக் கணத்தில்தான் உங்கள் கண்டக்டர்கள் "ரைட்" கொடுக்கிறார்கள். வருகிற வருடம் ஹார்னஸைக் கழற்றிவிடுவேன். அப்புறம் அவள் எங்கள் வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டு, பிள்ளைகளோடு ஓடிக்கொண்டு, அம்மாவின் கட்டிலடியில் தூங்கிக்கொண்டு இருக்கட்டும். என்னிடமிருந்து அவளை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள், ஓய்வு என்றால் இவளுக்கு அதுதான், வேலை போகும், வீடு போகாது. நான் மறுபடி பிரம்பை எடுத்துக்கொண்டு உங்கள் பஸ்ஸுக்குத்தான் வருவேன், தனியாகத்தான் வருவேன்.

எனக்கு வேண்டியது இதுதான். அந்த முடிவை இரண்டு பாதியோடும் திரும்பப் பெறுங்கள். ஹார்னஸ் போட்ட வழிகாட்டி நாயும், வெள்ளைப் பிரம்போடு தனியாக வருகிறவரும் எல்லாப் பஸ்களிலும் ஏறலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பஸ் நிலையத்தில் நேரசூசிகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நாய்க்கு டிக்கெட் கேட்கக்கூடாது என்று நடத்துனர்மாருக்குச் சொல்லுங்கள், முன் சீட்டில் இடம் கொடுத்து, இறங்குகிற ஹோல்ட்டின் பெயரை வாயால் சொல்லச் சொல்லுங்கள். பார்வையற்ற எந்தப் பயணியையும் ஹோல்ட் இல்லாத இடத்தில் இறக்கக்கூடாது, எந்தக் காரணத்துக்காகவும், இதை விதியாகவே எழுதுங்கள். சாரதி, நடத்துனர்மாருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள், ரூபியோடு நான் வருகிறேன், நிறுத்தியிருக்கிற ஒரு பஸ்ஸில் ஏறி இறங்கிக் காட்டுகிறேன், கடதாசிகளையும் கொண்டு வருகிறேன், பயப்படுகிறவர்கள் தள்ளி நின்றே கேள்வி கேட்கட்டும். அந்த மதகைப் பற்றிப் பிரதேச சபைக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன், அந்த வழியில் தினமும் போகிறவர்கள் என்ற முறையில் நீங்களும் எழுதுங்கள்.

பதிலை இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே மடலை மாகாணப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடாகக் கொடுப்பேன்.

அம்மாவின் அடுத்த கிளினிக் வருகிற திங்கட்கிழமை. காலை ஏழே காலுக்கு நானும் ரூபியும் சந்தி ஹோல்ட்டில் நிற்போம்.